மூன்று முறை சொட்டு விட்ட கண்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, போன மாதம் மாலை போட்டு வழியனுப்பப்பட்ட ஹேமா அக்கா எழுதுவது.

"பசங்களுக்குப் புத்தி சொல்ற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடு ஹேமா" என்று டாக்டரம்மா கேட்டார். முப்பத்தோரு வருஷம் இந்தக் கிளினிக்கில் கண் பரிசோதனை செய்தவள் நான். புத்தி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உட்கார்ந்து யோசித்தால், நான் ஒழுங்காகச் செய்த வேலை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. சொதப்பியதெல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

கண்ணின் பாகங்களை நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் நீங்கள் கலர் பென்சிலில் வரைந்து, அம்புக்குறி போட்டு, மார்க்கும் வாங்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம், அதற்குப் பின்னால் நடுவில் ஓட்டையோடு ஒரு கருந்திரை, அந்த ஓட்டைதான் பாவை, அதன் பின்னால் லென்ஸ், கடைசியில் விழித்திரை. நம் ஹால் சுவரில் தொங்குகிற படத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இதில் ஒன்றுகூட இல்லாத ஒரு கண்ணை நான் முக்கால் மணி நேரம் பரிசோதனை செய்திருக்கிறேன். மூன்று முறை சொட்டு மருந்தும் விட்டிருக்கிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமை நம் ஹாலில் நிற்க இடம் இருக்காது என்பதை இதற்குள் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுதான் தாம்பரம் மொத்தத்துக்கும் கண் மங்குகிறது. அந்தக் கூட்டத்தில் தனசேகரும் அவர் மனைவி லோகாவும் வந்தார்கள். அவர் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் போட்டோகிராபர். ஐம்பத்தைந்து வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் கேமரா துடைக்கிற மஞ்சள் துணி. கொஞ்ச நாளாக எல்லாமே புகைமூட்டமாகத் தெரிகிறது என்றார்.

வந்ததுமே ஒரு சின்ன ரகளை. ஹாலில் இரண்டு நாற்காலிதான் காலி. அவர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். லோகா உட்காரவில்லை. "நீ அந்தாண்ட தள்ளு" என்று புருஷனை எழுப்பி இடம் மாற்றிவிட்டு, அவருக்கு வலது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எங்க போனாலும் இதே பேஜார் மேடம்" என்று தனசேகர் என்னிடம் முறையிட்டார். "எத்தனை கல்யாணத்துல பொண்ணை மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நிக்க வெச்சு எடுத்திருப்பேன். எங்க வீட்ல மட்டும் வலது பக்கம்தான் நிப்பா. எங்க ஆல்பம் பூரா தப்பு போஸ்."

"ஒக்கார எடம் கெடைச்சதே பெருசு. அதுல பக்கம் வேற பாக்கணுமா?" என்றார் லோகா.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அதை அங்கேயே மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வை சோதிக்க உட்காரவைத்தேன். ஒரு கண்ணை மறைக்க நம்மிடம் கைப்பிடி போட்ட கறுப்பு மூடி இருக்கிறது. அன்று அது கண்ணில் படவில்லை. தேடுவதற்குச் சோம்பல். "கையாலேயே மூடிக்குங்க சார்" என்றேன். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் அழகாக மூடிக்கொண்டு, வலது கண்ணால் முதல் மூன்று வரிகளைப் படித்தார். அடுத்து வலது கண்ணை மூடச் சொன்னேன். இடது கண்ணாலும் அதே மூன்று வரிகள். நான்காவது வரியில் ஒரே இடத்தில் இரண்டு தடவையும் தடுமாறி, இரண்டு தடவையும் 'ம'வை 'ப' என்றார். "ரெண்டு கண்ணும் இவ்வளவு ஒத்துமையா இருக்கிறதை நான் பார்த்ததே இல்ல சார்" என்று பாராட்டி, அட்டையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

கையால் கண்ணை மூடுகிற யாருக்கும் விரல் இடுக்கு என்று ஒன்று இருக்கும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது டார்ச். சொட்டு விடுவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அரை நிமிஷ வேலை. அதையும் விட்டுவிட்டேன். வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கோ இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். இந்த இரண்டு இருபதும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் தப்பு செய்யாமல் போக மாட்டார்கள்.

பாவையை விரிய வைக்கிற சொட்டு மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஹாலில் உட்காரச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து இமையைத் தூக்கிப் பார்த்தேன். இடது பாவை நன்றாக விரிந்திருந்தது. வலது பாவை இருந்தபடியே இருந்தது. சரி, கண்ணைக் கசக்கிவிட்டிருப்பார் என்று மறுபடி வலதில் விட்டேன்.

"மேடம், தொண்டையில கசக்குது" என்றார்.

"கசந்தா நல்லதுதான் சார். மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்."

இன்னொரு கால் மணி நேரம். வலது பாவை அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வந்துவிட்டது. சாதாரணமாக விரியாத பாவை என்றால் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, எப்போதோ புண்ணாகி ஆறியிருக்கிறது என்று அர்த்தம். அபூர்வமான கேஸ் நம் கையில் சிக்கிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது முறை விடப் போனபோது, பக்கத்திலிருந்த லோகா தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், அந்தக் கண்ணு அப்டித்தான். வுட்ருங்க."

நான் விடுவேனா? "நீங்க சும்மா இருங்கம்மா. இது மெடிக்கல்" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, மூன்றாவது சொட்டையும் விட்டேன்; அது வழிந்து அவர் வெள்ளைச் சட்டையையும் நனைத்தது. லோகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டார். பயந்துவிட்டார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

தனசேகரை மட்டும் டாக்டரம்மா அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் அறை சின்னது என்பதால் கூட வருகிறவர்கள் வெளியில்தான் இருப்பார்கள். நான் கேஸை விவரித்தேன். மூன்று முறை சொட்டு, முக்கால் மணி நேரம், விரியவே இல்லை, உள்ளே கண்டிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது மேடம் என்று முகத்தில் கவலையையும் குரலில் பெருமையையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

டாக்டரம்மா ஒரே ஒரு தடவை கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். எழுந்து, தன் பாக்கெட்டிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அடிச்சுப் பாரு ஹேமா."

அடித்தேன். பாவை அசையவில்லை.

"இன்னும் கிட்டப் போய்."

போனேன். அசையவில்லை.

"இன்னும்."

டார்ச் முனை கண்ணைத் தொடாத குறை. யாராக இருந்தாலும் அந்நேரம் இமை மூடியிருக்கும், தலை பின்னால் போயிருக்கும். தனசேகர் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். அவர்தான் என்னைக் கரையேற்றினார்.

"மேடம், நீங்க அடிச்சுக்கிட்டே இருந்தா உங்க பேட்டரிதான் தீரும். அது பிளாஸ்டிக்."

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீங்க கேக்கலையே மேடம். அதுவும் இல்லாம, வெயில்ல வந்தேனா, சொட்டு சில்லுனு நல்லா இருந்துச்சு."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. "சட்டை நனைஞ்சதுக்கு அவர்கிட்ட ஸாரி கேட்டுடு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வரவேண்டும். பிளாஸ்டிக் கண் எப்படி அங்கும் இங்கும் திரும்பியது? இமை எப்படிக் கொட்டியது? தொண்டையில் எப்படிக் கசந்தது? நானும் அன்று சாயங்காலம் அந்தச் சுவர்ப் படத்தின் முன்னால் நின்று யோசித்தேன். படத்தில் நாம் எல்லாரும் நடுவில் இருக்கும் பந்தைத்தான் பார்க்கிறோம். பந்தைத் திருப்புகிற ஆறு தசைகள் பந்துக்கு வெளியே இருக்கின்றன. கெட்டுப்போன கண்ணை எடுக்கும்போது அந்தத் தசைகளைக் காப்பாற்றி, உள்ளே வைக்கிற உருண்டையோடு சேர்த்துவிட்டால், மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் கண் ஓரளவு திரும்பும். இமை தன்பாட்டுக்குத் திறந்து மூடும். கண்ணின் உள்மூலையில் இமை ஓரத்தில் இருக்கிற சின்னத் துளை, விட்ட மருந்தை மூக்கு வழியாகத் தொண்டைக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறவர் காலிசெய்துகொண்டு போய்விட்டார்; வாட்ச்மேன், தண்ணீர் லாரி, குப்பை வண்டி எல்லாம் வழக்கம்போல வந்து போகின்றன. நான் காலி வீட்டு வாசலில் நின்று முக்கால் மணி நேரம் பெல் அடித்திருக்கிறேன்.

சிரித்தாயிற்றா? இனிமேல்தான் விஷயம்.

டாக்டரம்மா இடது கண்ணைப் பார்த்தார். நன்றாக முற்றிய புரை. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். செய்தால் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு இருப்பதே அந்த ஒரு கண்தான். பத்தொன்பது வயதில் கில்லி விளையாடும்போது வலது கண் போயிருக்கிறது. இந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் கல்யாணப் படம் எடுத்திருக்கிறார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கேமராவைக் கண்ணில் வைக்கும்போது எந்தப் போட்டோகிராபரும் இன்னொரு கண்ணை மூடிக்கொள்வார் அல்லவா? தொழிலைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் மனிதர்.

ஒரே கண் இருக்கிறவருக்கு ஆபரேஷன் என்றால் நம் கிளினிக்கில் தனிப் படிவம் உண்டு. இன்னும் நீங்கள் அதைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். "இவருக்கு இந்த ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உண்டு, மற்றக் கண்ணில் பார்வை இல்லை, இந்தக் கண்ணில் சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்பதை எனக்குப் படித்துச் சொன்னார்கள்" என்று இருக்கும். நோயாளியும் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டு ஆள் ஒருவரும் போட வேண்டும்.

இதைக் கேட்டதும் தனசேகருக்கு வேர்த்துவிட்டது. அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மேடம், லோகாவுக்குத் தெரியாது."

"எது தெரியாது?"

"இந்தக் கண்ணு. கல்யாணத்தப்ப எங்கம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். இருபத்தொம்பது வருஷம் ஆயிடுச்சு."

நானும் டாக்டரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எப்படி சார் முடிஞ்சுது?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"தினமும் பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கிட்டுதான் கழட்டிக் கழுவுவேன். நல்லவேளை, எங்க வீட்ல எப்பவும் குழந்தைங்க சோப்புதான் இருக்கும். பசங்க வளர்ந்து வேலைக்கே போயாச்சு, அவளுக்கு அந்த வாசனை புடிக்கும்போல. கண்ணை எரியாம கழுவ அதுதான் சவுகரியம்."

அடுத்து அவர் போட்ட திட்டங்களைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். தம்பி கையெழுத்துப் போடட்டும் என்றார். படிவத்தை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுங்கள், அவளுக்கு ஆங்கிலம் வராது என்றார். வலது கண்ணிலும் சும்மா ஒரு கட்டுப் போட்டு, இரண்டையும் ஆபரேஷன் செய்ததாகச் சொல்லிவிடலாமா என்றுகூடக் கேட்டார். கடைசியில், "இதெல்லாம் ஆகாதுன்னா எனக்கு ஆபரேஷனே வேணாம் மேடம். தெரியிற வரைக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் போனபின், "தம்பியே போடட்டுமே மேடம், ஒரு குடும்பம் உடைஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று டாக்டரம்மாவிடம் பரிந்து பேசினேன்.

"கட்டோட அவர் தடுக்கி விழுந்தா தம்பியா வந்து தூக்குவான்? நாளுக்கு ஆறு வேளை சொட்டு மருந்து தம்பியா விடுவான்? யார் பக்கத்துல இருக்கப்போறாங்களோ அவங்களுக்குத் தெரிஞ்சுதான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு விரலை நீட்டி இன்னொன்றும் சொன்னார். "ஆனா நாம சொல்லக் கூடாது. அது அவரோட கண்ணு, அவரோட பேச்சு. நீ வாயைத் திறந்தேன்னா நடக்கிறதே வேற."

என் வாயைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

மூன்று வாரம் தனசேகர் வரவில்லை. அதற்குள் கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறார். தாலி கட்டுகிற நேரத்தில், புகைமூட்டத்துக்குள் பட்டுவேட்டி தெரிகிற பக்கமாகப் பார்த்து, அடுத்தடுத்துப் பதினோரு படம் எடுத்திருக்கிறார். பதினொன்றிலும் தவில்காரர். நெற்றி வேர்வை முதற்கொண்டு அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்ததாம். தாலி எந்தப் படத்திலும் இல்லை. பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "கல்யாணம் நடந்துச்சா தம்பி?" என்று கேட்டாராம்.

இதை அவரே எனக்குப் போன் செய்து சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இந்தத் தொழிலைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். தேதி குடுங்க" என்றார்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

நம்பினேன். அடுத்த தப்பு இது. முப்பது வருஷமாக ஒன்றை மறைத்துவைத்த மனிதர் ஒற்றை வார்த்தையில் "சொல்லிட்டேன்" என்றால், நாம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இருவரும் வந்தார்கள். லோகா வழக்கம்போல நாற்காலியை இழுத்து அவருக்கு வலது பக்கம் போட்டுக்கொண்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், கையில் அந்தப் படிவம். சத்தமாக, நிதானமாகப் படித்துக் காட்டுவது என் வேலை. பெயர் படித்தேன். வயது படித்தேன். "இடது கண்ணில் புரை நீக்கும் அறுவைச் சிகிச்சை" என்று படித்தேன். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

தனசேகர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பிள்ளைகளே, நம் வேலையில் அவசரம் என்பது ரத்தம் கொட்டும்போதுதான் வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வரும். படித்தால் நான் அவரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். படிக்காமல் தாண்டினால், விவரம் தெரியாத பெண்ணிடம் கையெழுத்து வாங்கியவள் ஆவேன். இருமினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி தண்ணீர் குடித்தேன். டம்ளர் காலியாகிவிட்டது.

படிவத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "சார், இதுக்கு அடுத்த வரியை நீங்கதான் படிக்கணும்."

"எனக்கு எழுத்து தெரியல மேடம். புரை."

"விரல் இடுக்குல போர்டையே படிச்சவரு நீங்க. பாத்துப் படிக்க முடியலைன்னா பாக்காம சொல்லுங்க."

அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார். கழுத்தை முழுசாகத் திருப்பி, வலது பக்கம் இருந்த மனைவியைப் பார்த்தார்.

"லோகா, எனக்கு... இந்த வலது கண்ணு..."

கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு நிறுத்திவிட்டார்.

"பிளாஸ்டிக்கு" என்றார் லோகா. "அதுக்கு இன்னா இப்போ? மேடம், எங்க கையெழுத்து போடணும்?"

நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் தனசேகர். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"கல்யாணம் ஆன மூணாம் நாளே தெரியும். நீ ஒரு கண்ணைத் தொறந்துக்கினே தூங்குற ஆளு." லோகா என் பக்கம் திரும்பினார். "மொத ரெண்டு நாளு நான் பயந்து போயிட்டேன் மேடம். இன்னாடா இந்தாளு வுடிய வுடிய நம்மளையே பாத்துக்கினு கீறாரேன்னு தூக்கமே இல்ல. மூணாம் நாளு ஒரு கொசு வந்து அந்தக் கண்ணு மேலயே ஒக்காந்துச்சு. எவ்ளோ நேரம் ஆவுது, கண்ணு கொட்டவே இல்ல. நம்ம ஊரு கொசு கடிச்சு இமைக்காத கண்ணு உண்டா? அப்பதான் புரிஞ்சுது."

"நான் கண்ணைத் திறந்துக்கிட்டா தூங்குறேன்?" என்று தனசேகர் என்னிடம் கேட்டார். அந்தத் தகவல்தான் அவருக்கு அதிகமாக அதிர்ச்சி தந்த மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் கண் மேல் பலருக்கு இமை முழுதாகப் பொருந்தி மூடாது. யாராவது சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல யார் இருந்தார்கள்? சொல்லக் கூடிய ஒரே ஆளிடம்தான் அவர் மறைத்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன்மா கேக்கல?" என்றேன்.

"அவரா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கினு ஒரு மணி நேரம் இன்னாமோ பண்ணுவாரு. கண்ணு செவந்து வருவாரு. அப்புறம்தான் கொயந்தைங்க சோப்பு வாங்கி வெச்சேன். மறைக்கிறதுக்கு அவ்ளோ பாடு படுறாரு மேடம். தெரியும்னு சொன்னா அந்தப் பாடெல்லாம் வீணாப் போயிடுமேன்னு வுட்டுட்டேன்." கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "உங்களுக்கும் அன்னிக்கே சொன்னேன், அந்தக் கண்ணை வுட்ருங்கன்னு. நீங்கதான் மெடிக்கல்னு சொன்னீங்கோ."

அன்று ஹாலில் முந்தானைக்குள் அவர் பயந்து குனியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தனசேகர் அழுதார். பஞ்சை எடுத்து அவரிடம் நீட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கண்ணிலிருந்தும்தான். புருவ எலும்புக்கு அடியில், வெளிமூலைப் பக்கமாக இருக்கிறது கண்ணீர்ச் சுரப்பி. கீழே நிஜக் கண் இருக்கிறதா, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. இதைப் படித்து மார்க் வாங்கியவள்தான் நானும். கண்ணால் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விடியும்வரை இடது கண்ணில் கட்டு இருக்கவேண்டும். வலது கண்ணிலோ ஏற்கெனவே பார்வை இல்லை. தியேட்டர் வாசலில் லோகா வந்து நின்றார். அவர் வழக்கமாக நிற்கிற வலது பக்கம் போனார், இடது பக்கத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு நான் எந்தப் பக்கம் நிக்கிறது மேடம்?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. நாற்காலி ரகளை, தப்பு போஸ் ஆல்பம், எல்லாம். நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் கடக்க நின்றால் வண்டிகள் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். வலது பக்கத்திலிருந்து. அவருக்குத் தெரியாத பக்கம் அது. இருபத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கத்தில் இந்த அம்மா நின்றுகொண்டிருந்திருக்கிறார். நான் என்னவோ கண் பரிசோதனையில் கைதேர்ந்தவள் என்று சொல்லிக்கொண்டு, அதை நாற்காலிச் சண்டை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் லோகா தானே முன்னால் போய் நின்றுகொண்டார். புருஷனின் இரண்டு கையையும் எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, "ம், வண்டி கெளம்புது" என்று வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தோம். போர்டில் ஆறு வரி படித்தார். இந்த முறை வலது கண்ணைக் கறுப்பு மூடியால் நானே மூடினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். என்மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. சந்தோஷத்தில் தனசேகர் போனை என்னிடம் கொடுத்து, டாக்டரம்மாவோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். அப்புறம், "நானும் லோகாவும் மட்டும் ஒண்ணு மேடம்" என்றார். கண் தெரிய ஆரம்பித்ததும் தொழில் புத்தியும் வந்துவிட்டது. வெளிச்சம் பார்த்தார், என்னை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னார், லோகாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இனிமேல்தான் எல்லாம் வெளிச்சமாயிடுச்சே. இந்த ஒரு படமாவது ஒழுங்கான போஸ்ல இருக்கட்டும். இடது பக்கம் வா லோகா."

லோகா நகரவில்லை. வலது பக்கத்திலேயே நின்றுகொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"அந்தாண்டதான் உனக்குக் கண்ணு கீதே. அங்க நான் எதுக்குயா?"

படத்தை எடுத்தேன். கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. அவர் எனக்கு அனுப்பிய அந்தப் படமும் டாக்டரம்மா அன்று கொடுத்த டார்ச்சும் இத்தனை வருஷமாக என்னிடம்தான் இருந்தன. டார்ச்சை மட்டும் உங்கள் மேஜை டிராயரில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், புது பேட்டரி போட்டு.